அன்னதானக் கூடத்தை ஏன் முழுசா இடிக்கலை? ஒரு சதுர மீட்டர் கணக்கு

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. பொறுமையா படிங்க. கடந்த சில மாசமா வெள்ளிக்கிழமை பூஜைக்கு வர்றவங்க, அன்னதானத்துக்கு வரிசையில நிக்கிறவங்க, செருப்பு வைக்கிற இடத்துல பார்க்கிறவங்கன்னு எல்லாரும் எங்களை ஒரே கேள்விதான் கேக்கறாங்க. "திருப்பணின்னு சொன்னீங்க. நன்கொடையும் வாங்கினீங்க. பின்னாடி கூடத்தை இடிச்சுட்டு புதுசா கட்டப் போறோம்னு சொன்னீங்க. இப்ப பார்த்தா பழைய கூடம் அப்படியே நிக்குது, நீங்க என்னமோ ஞாயித்துக்கிழமை ஆனா உட்கார்ந்து செங்கல் சுரண்டிக்கிட்டு இருக்கீங்க. என்னதான் நடக்குது?"

நியாயமான கேள்வி. ஆளுக்கு ஆள் நின்னு பதில் சொல்ல முடியலை. அதனால சுவா சூ காங்கிலேர்ந்து வர்ற எங்க தொண்டூழியர் குழு சார்பா எல்லாத்தையும் இங்கே எழுதுறோம். உங்க பணம், உங்க கோயில். கணக்கு உங்களுக்குத் தெரியணும்.

முதல்ல பின்னணி. கூடத்துக்கு இரண்டு திட்டம் இருந்தது. ஒன்று, எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளிட்டு அடித்தளத்திலிருந்து புதுசா எழுப்புறது. இன்னொன்று, இருக்கிற கூடத்தை வச்சுக்கிட்டே ஒரு பக்கம் 5 மீட்டர் நீட்டுறது. கட்டட ஆலோசனை அலுவலகத்துல வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி எங்க குழுவுல இருக்கா. நிர்வாகக் குழுக் கூட்டத்துல அவதான் எழுந்து, "பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு முயற்சி பண்ணலாமே. பழைய கட்டடத்தை இடிக்காம வச்சுக்கிட்டா அதுக்குன்னே புள்ளி உண்டு"ன்னு சொன்னா. நிர்வாகம் உடனே சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. "முதல்ல அளந்து கணக்குப் போட்டுக் காட்டுங்க, பிறகு பேசலாம்"னு சொல்லிட்டாங்க. அந்த அளக்கிற வேலை எங்க தலையில விழுந்தது.

சிங்கப்பூர்ல பசுமைக் கட்டடம்னா நமக்கெல்லாம் தெரிஞ்சது கிரீன் மார்க். கட்டட, கட்டுமான ஆணையம் 2005-ல் தொடங்கின திட்டம். எம்ஆர்டி நிலையம், பள்ளிக்கூடம், கடைத்தொகுதி வாசல்ல அந்த முத்திரையைப் பார்த்திருப்பீங்க. உலக அளவுல பரவலா இருக்கிற இன்னொரு முறை லீட், அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தோடது. மொத்தம் 110 புள்ளி. 40 எடுத்தா சான்றிதழ், 50-க்கு வெள்ளி, 60-க்குத் தங்கம், 80-க்குப் பிளாட்டினம். எந்த முறைக்கு விண்ணப்பிக்கிறதுன்னு நிர்வாகம் இன்னும் முடிவு பண்ணலை. ஆனா பழைய கட்டடத்துல எவ்வளவு மிச்சம் வைக்கிறோம்னு அளக்க, லீட் 4-ஆம் பதிப்புல டேப்பு பிடிச்சே போடக்கூடிய எளிய கணக்கு ஒண்ணு இருக்கு. அதனால அதையே எடுத்துக்கிட்டோம்.

விதி இதுதான். வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு நிற்கப்போற கட்டடத்தோட மொத்தப் பரப்பை அளக்கணும். அதுல பழசு எத்தனை சதுர மீட்டர்னு பார்க்கணும். பழசு 25 விழுக்காடு இருந்தா 2 புள்ளி, 50 இருந்தா 3 புள்ளி, 75 இருந்தா 4 புள்ளி. தளம், கூரைத்தளம், வெளிச்சுவர், உள்சுவர், கதவு, தரைப்பூச்சு, நிலையா பொருத்தின சீலிங் எல்லாம் கணக்குல வரும். சன்னல் வராது. ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி ஆபத்தான பொருளை அப்புறப்படுத்தினா அதுவும் வராது. நாற்காலி, மேசை, பாத்திரம் எல்லாம் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில, அன்னதானத்துக்குக் காய் நறுக்கிற வேலை முடிஞ்சதும், நாலு பேர் டேப்பு பிடிச்சு அளந்தோம். எல்லாருக்கும் புரியட்டும்னு எண்களைக் கொஞ்சம் முழுசாக்கிச் சொல்றோம். இப்ப இருக்கிற கூடம் 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். 5 மீட்டர் நீட்டினா 25-க்கு 15. முடிஞ்ச கூடத்தோட பரப்பு முதல்ல, அதுல பழசு அடுத்து:

தரைத்தளம்: 375, பழசு 300
மேல்தளம்: 375, பழசு 300
வெளிச்சுவர், சன்னல் கழிச்சு: 260, பழசு 180
உள் தடுப்புச்சுவர்: 120, பழசு 60
மொசைக் தரை: 375, பழசு 300
கதவுகள்: 30, பழசு 20
மொத்தம்: 1,535, பழசு 1,160

1,160-ஐ 1,535-ஆல் வகுத்தா 75.6 விழுக்காடு. அதாவது 4 புள்ளி, மயிரிழையில.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. பழைய கட்டடத்துல எத்தனை பங்கு மிச்சம்னு இந்தக் கணக்கு கேக்கலை, முடிஞ்ச கட்டடத்துல எத்தனை பங்கு பழசுன்னு கேக்குது. ரெண்டும் ஒண்ணு மாதிரித் தெரியும், ஆனா ஒண்ணு இல்லை. ஆசைப்பட்டு 10 மீட்டர் நீட்டியிருந்தா, ஒரு செங்கல்லைக்கூட கூடுதலா இடிக்காமலே விழுக்காடு 65 பக்கம் இறங்கியிருக்கும். தேவைக்கு மேல கட்டாதேன்னு விதி நாசூக்கா சொல்லுது. 5 மீட்டர் போதுமா, 10 வேணுமான்னு நிர்வாகத்துல நடந்த விவாதம் அந்த எண்ணைப் பார்த்ததும் தானா அடங்கிடுச்சு. வருஷத்துல ரெண்டு மூணு திருவிழா நாளுக்காக மீதி நாளெல்லாம் காலியாக் கிடக்கிற இடம் எதுக்குன்னு எல்லாருக்கும் தோணிச்சு.

இப்பதான் சிக்கல் ஆரம்பம். மொசைக் தரை.

அந்தத் தரையைப் பழைய பக்தர்கள் எல்லாருக்கும் தெரியும். சாம்பல் நிறத்துல கருப்பும் வெள்ளையுமா கல் பொடி தெளிச்ச தரை. இங்கே டெரசோன்னு சொல்வாங்க, பழைய வீவக புளோக் மாடிப்படியில இன்னும் பார்க்கலாம். கூடம் கட்டின காலத்துல ராத்திரி ராத்திரியா தண்ணி ஊத்தி, மெஷின் பிடிச்சுத் தேய்ச்சு மெருகேத்தினவங்கள்ல ஒரு மாமா இன்னும் எங்களோட தொண்டூழியம் செய்யறார். நிர்வாகத்துல சில பேர் அதை எடுத்துட்டு பளபளன்னு கிரானைட் போடலாம்னு சொன்னாங்க. உபயதாரர் ஒருத்தர் செலவை ஏத்துக்கவும் தயாரா இருந்தார். அவர் பக்தியில எந்தக் குறையும் இல்லை. ஆனா அந்த 300 சதுர மீட்டரை எடுத்துட்டா பழசு 860 ஆயிடும், விழுக்காடு 56-க்கு விழும், 4 புள்ளி 3 ஆகும்.

ஒரு புள்ளிக்காகவா இவ்வளவுன்னு கேப்பீங்க. மாமா புள்ளியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அவர் சொன்னது வேற. "தரையை வச்சுக்கிறதும் எடுக்கிறதும் உங்க இஷ்டம்பா. ஆனா சமையல்கட்டு வாசல்ல இருக்கிற பகுதியை மட்டும் கண்டிப்பா எடுத்துடுங்க. வெடிச்சுப் போச்சு, தண்ணி நிக்குது. போன வருஷம் நம்ம பாட்டி அங்கதானே வழுக்கி விழுந்தாங்க."

தான் தேய்ச்ச தரையைத் தானே எடுக்கச் சொன்னார். அதுக்கு மேல யாரும் வாதாடலை. சமையல்கட்டு வாசல்ல 40 சதுர மீட்டரை எடுத்துட்டு, வாட்டம் சரி பண்ணி, வழுக்காத ஓடு போடுறதுன்னு முடிவாச்சு. மீதி 260 சதுர மீட்டர் அப்படியே இருக்கும், மெருகு மட்டும் புதுசா. கிரானைட் உபயதாரரும் பெருந்தன்மையோட அந்தத் தொகையை நீட்டிப்பு வேலைக்கு மாத்திக்கிட்டார்.

ஆனா கணக்கு? 1,160-லேர்ந்து 40 போனா 1,120. 1,535-ஆல் வகுத்தா 73 விழுக்காடு. 75-க்கு 31 சதுர மீட்டர் சொச்சம் குறையுது.

அன்னைக்கு ராத்திரி லாட் ஒன் பக்கத்துக் காப்பிக்கடையில உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினோம். ஒரு தம்பி சொன்னான், "சன்னல் 40 சதுர மீட்டர் இருக்கே. அதைப் பழைய சுவரோட சேர்த்து எழுதிட்டா போதும். யார் வந்து அளக்கப் போறாங்க?" உண்மைதான், 40-ஐச் சேர்த்தா சரியா 1,160, மறுபடி 75.6. எண் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தது. தங்கச்சி மட்டும் அமைதியா கேட்டா, "அண்ணே, உண்டியல் எண்ணும்போது இப்படிச் சொல்வீங்களா?"

அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது. உண்டியல் எண்ற நாள்ல நாம எப்படி உட்காருவோம்னு உங்களுக்குத் தெரியும். எல்லார் கண்ணு முன்னாடியும் கொட்டி, ரெண்டு பேர் எண்ணி, மூணாவது ஆள் சரிபார்த்து, அஞ்சு காசு குறைஞ்சாலும் மறுபடி எண்ணுவோம். அதே கையால எழுதுற கணக்குதானே இதுவும்.

வழி வேற பக்கத்திலிருந்து வந்தது. கூடத்தை நீட்டணும்னா ஒரு குறுக்குச்சுவரை எடுத்தே ஆகணும். வாசல், சன்னல் கழிச்சா 45 சதுர மீட்டர் சுவர் அது. எடுத்த சுவரு குப்பைதான்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம். ஆனா விதிப்படி அதே இடத்துல கழட்டின பொருளை அங்கேயே வேற வேலைக்குப் பயன்படுத்தினாலும் பழசுன்னு கணக்குல வரும். வெளியிலிருந்து வாங்கி வந்த பழைய பொருளும் வரும். உள்ளே புதுசா 60 சதுர மீட்டர் தடுப்புச்சுவர் கட்ட வேண்டியிருக்கு. அதுல ஒரு பகுதியைப் பழைய செங்கல்லாலேயே கட்டினா என்ன?

குறுக்குச்சுவர் ஒரு கல் சுவர், அதாவது ஒன்பது அங்குல கனம். சதுர மீட்டருக்கு 120 செங்கல்னு வைங்க, 45-க்கு 5,400. தடுப்புச்சுவர் அரைக்கல் சுவர், சதுர மீட்டருக்கு 60 போதும். 36 சதுர மீட்டர் கட்ட 2,160 செங்கல். ஆக, சுவரை இடிக்கும்போது பாதிக்கு மேல உடைஞ்சு போனாலும் நமக்குத் தேவையானது கிடைச்சிடும். 1,120-ஓட 36 சேர்ந்தா 1,156. விழுக்காடு 75.3.

கேக்க சுலபமா இருக்கு. செய்யும்போதுதான் தெரிஞ்சது. சுண்ணாம்புச் சாந்துல கட்டின பழைய சுவர்னா தட்டினா செங்கல் சுத்தமா கழண்டு வரும். சிமெண்டுச் சாந்து அப்படி விடாது, செங்கல்லே உடையும், சாந்து உடையாது. காண்ட்ராக்டர்கிட்ட இயந்திரத்தால மோதாம மேலிருந்து வரிசை வரிசையா கழட்டச் சொல்லிக் கேட்டோம். அவர் தலையைச் சொறிஞ்சார், ரெண்டு நாள் கூடுதலா ஆகும்னார், அப்புறம் ஒத்துக்கிட்டார். சுரண்டி எடுக்கிற வேலை எங்களோடது. செங்கல்லை நனைச்சு, முகக்கவசம், கையுறை, கண்ணாடி போட்டுக்கிட்டு, உளியும் சுத்தியலுமா உட்கார்ந்தோம். தூசி நெஞ்சுக்குள்ள போனா ஆபத்து, அதனால கவசம் இல்லாம யாரையும் உட்கார விடலை. நீங்க ஞாயித்துக்கிழமையில பார்த்தது அந்த வேலைதான். பொறியாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இந்தச் செங்கல் பாரம் தாங்காத தடுப்புச்சுவருக்கு மட்டும்தான், வேற எங்கேயும் கூடாது. அதை அப்படியே கேட்டுக்கிட்டோம்.

பழைய கட்டடம் பத்திரமான்னு கேக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணால பார்த்து முடிவு பண்ணலை. பழைய புளோக்ல சீலிங் கான்கிரீட் பெயர்ந்து உள்ளே துருப்பிடிச்ச கம்பி தெரியறதை நம்மில் பலர் பார்த்திருக்கோம். காத்துல இருக்கிற கரியமில வாயு கான்கிரீட்டுக்குள்ள மெல்ல இறங்கினா, கம்பியைத் துருவிலிருந்து காக்கிற காரத்தன்மை போயிடும். அதைச் சோதிக்க ஃபினால்ஃப்தலீன்னு ஒரு மருந்து தெளிப்பாங்க. நல்லா இருக்கிற கான்கிரீட் இளஞ்சிவப்பா மாறும், கெட்டுப் போன பகுதி நிறம் மாறாது. நம்ம மேல்தளத்துல துளை போட்டுத் தெளிச்சப்போ குங்குமத் தண்ணி தெளிச்ச மாதிரி சிவந்தது. பக்கத்துல நின்ன மாமா கையெடுத்துக் கும்பிட்டுட்டார். அதுக்கு அப்புறம்தான் பொறியாளர் தளத்தை வச்சுக்கலாம்னு கையெழுத்துப் போட்டார்.

பின்பக்கத் தாழ்வாரத்துச் சீலிங் தகடு மட்டும் ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம்னு சந்தேகம் வந்தது. இங்கே 1991-க்கு முன்னாடி கட்டின கட்டடத்தை இடிக்கவோ மாத்தவோ போறதுக்கு முன்னால ஆஸ்பெஸ்டாஸ் சோதனை செய்யணும்னு சட்டமே இருக்கு. சோதிச்சோம், இருந்தது. உரிமம் பெற்றவங்க வந்து எடுத்துட்டாங்க. அந்தப் பரப்பு கணக்குல எங்கேயும் வராது. அதனால நமக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

இப்ப பெரிய கேள்விக்கு வர்றோம். "அம்மனுக்கு எதுக்குச் சான்றிதழ்?"

அம்மனுக்கு வேண்டாம். நமக்குத்தான் வேணும். இந்தத் தீவுல மணலும் இல்லை, கருங்கல் ஜல்லியும் போதலை. இந்தோனேசியா 2007-ல் மணல் ஏற்றுமதியை நிறுத்தினப்போ இங்கே கட்டுமானத் துறை எப்படித் திண்டாடிச்சுன்னு அந்தத் துறையில வேலை செஞ்சவங்களைக் கேளுங்க. குப்பை கொட்டவும் இடமில்லை. 1999-ல் திறந்த செமக்காவ் தீவு 2035 வாக்குல நிரம்பிடும்னு அரசாங்கமே சொல்லுது.

"இங்கேதான் கட்டட இடிபாடு 99 விழுக்காடு மறுசுழற்சி ஆகுதே, பிறகென்ன?"ன்னு ஒரு அண்ணன் கேட்டார். உண்மைதான். ஆனா மறுசுழற்சி வேற, மறுபயன்பாடு வேற. மறுசுழற்சின்னா இடிச்சு, லாரியில ஏத்தி, அரைச்சு, ஜல்லியாக்கி, மறுபடி சிமெண்டு சேர்த்துக் கட்டுறது. அதுவும் நல்ல வேலைதான். நம்ம சுவா சூ காங் பக்கத்திலேயே, அரசகேசரி சிவன் கோயில் இருக்கிற அதே சுங்கை காடுட் வட்டாரத்துல, சாம்வோ நிறுவனம் 2010-ல் ஒரு மூணு மாடிக் கட்டடம் கட்டிச்சு. அதோட கான்கிரீட்டுல ஜல்லிக்குப் பதிலா இடிபாட்டிலிருந்து எடுத்த ஜல்லியை, சில இடத்துல நூத்துக்கு நூறு பயன்படுத்தியிருக்காங்க. ஆனா அதுலயும் சிமெண்டு புதுசாத்தான் போட்டாகணும். இடிக்காமலே வச்சுக்கிட்டா அந்தச் சிமெண்டும் மிச்சம்.

நம்ம கூடத்துக்கே கணக்குப் போட்டோம். ரெண்டு தளமும் சேர்த்து 600 சதுர மீட்டர். கனம் 15 சென்டிமீட்டர்னா 90 கன மீட்டர் கான்கிரீட், எடை 216 டன். கன மீட்டருக்கு 300 கிலோ சிமெண்டுன்னு வச்சா 27 டன் சிமெண்டு. ஒரு டன் சிமெண்டுக்கு 0.8 டன் கரியமில வாயுன்னு வச்சா 21 டன்னுக்கு மேல. உலகம் முழுக்க வெளியாகிற கரியமில வாயுல 7, 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால வருது. அதுல நம்ம பங்கு கடுகளவு. ஆனாலும் நம்ம கையில இருந்தது அந்தக் கடுகுதான்.

இன்னொண்ணும் சொல்லியாகணும். இந்தப் பரப்புக் கணக்குல ஒரு குறை இருக்கு. ஒரு சதுர மீட்டர் மரக்கதவும் ஒரு சதுர மீட்டர் கான்கிரீட் தளமும் இதுக்கு ஒண்ணுதான். மொசைக் தரை 300-க்கும் அடியில இருக்கிற தளம் 300-க்கும் ஒரே மதிப்பு. எடையில, கரியில ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனாலதான் இப்பல்லாம் கட்டடத்தோட முழு ஆயுளுக்கும் கரியைக் கணக்குப் போடுற முறை வருது. கிரீன் மார்க் 2021-லும் அதுக்குத் தனிப் பிரிவே இருக்கு. புள்ளிக்காக மட்டும் வேலை செஞ்சா கதவை வச்சுக்கிட்டுத் தளத்தை இடிக்கிறவங்களும் வரலாம். நாம அப்படிச் செய்யலை. முதல்ல தளம், பிறகுதான் மத்தது.

பழைய கட்டடத்தை வச்சுப் பெரிசா சாதிச்ச உதாரணம் வேணும்னா, பிராடல் ரோட்டுல கட்டட, கட்டுமான ஆணையத்தோட பயிற்சிக்கழக வளாகத்துக்குப் போய்ப் பாருங்க. பழைய மூணு மாடிப் பயிற்சிப் பட்டறைக் கட்டடத்தை இடிக்காம மாத்தியமைச்சு, 2009-ல் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரிக்கிற கட்டடமாக்கினாங்க. நம்ம ஊர்ப்பக்கம் போனா, சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டுல 1996-ல் திறந்த தட்சிணசித்ராவைப் பாருங்க. இடிக்கப் போற பழைய வீடுகளை வாங்கி, கல் கல்லா, தூண் தூணா கழட்டிக் கொண்டு வந்து மறுபடி நிறுத்தியிருக்காங்க. செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத்தூணைத் தொட்டுப் பார்க்கலாம்.

"அதெல்லாம் வீடு, அலுவலகம். கோயில்ல பழசை வச்சு ஒட்டுப்போடலாமா?"ன்னு சில அம்மாக்கள் மனசு சங்கடப்பட்டாங்க. வேற கட்டடத்துல கழிச்ச பொருளைக் கோயிலுக்குள்ள கொண்டு வரக்கூடாதுங்கிற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அதை மதிக்கிறோம். அதனாலதான் வெளியிலிருந்து பழைய பொருள் வாங்க விதி இடம் கொடுத்தும் ஒரு செங்கல் கூட வாங்கலை. எல்லாம் நம்ம கோயில் செங்கல்லே. கருவறை, விமானம், மண்டபம் எதையும் இந்த வேலை தொடவும் இல்லை. குருக்கள் ஐயாகிட்டயும் கேட்டோம். "ஜீர்ணோத்தாரணம்னா என்ன அர்த்தம்? சிதைஞ்சதைத் தூக்கி நிறுத்துறது. சிதையாததை எதுக்குத் தள்ளணும்?"னு சிரிச்சார்.

இங்கே நம்ம சிவன் கோயில் கதை பெரியவங்களுக்குத் தெரியும். ஆர்ச்சர்ட் ரோட்டுல இருந்த கோயில், எம்ஆர்டி வந்ததால 1983-ல் இடம் பெயர்ந்து, சிராங்கூன் ரோட்டுல பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துல தங்கி, 1993-ல் கேலாங் ஈஸ்டுல குடமுழுக்குக் கண்டது. கட்டடம் போச்சு, சாமி வந்தது. இடம் போயிட்டா வேற வழியே இல்லை. நமக்கு இடமும் இருக்கு, கட்டடமும் திடமா இருக்கு. வழி இருக்கும்போது எதுக்கு இழக்கணும்?

கடைசியா ஒரு விஷயம். எடுத்த குறுக்குச்சுவர்ல உபயதாரர் பெயர் பொறிச்ச பளிங்குக் கற்கள் இருந்தது ஞாபகம் இருக்கா? சில பெயருக்குச் சொந்தக்காரங்க இப்ப இல்லை. சில கல்லுல "ஒரு நாள் சம்பளம்"னு மட்டும் இருக்கும். கணக்குல அதெல்லாம் சேர்த்தாலும் ரெண்டு சதுர மீட்டர் தேறாது, புள்ளியில ஒண்ணும் மாறாது. ஆனா முதல்ல கழட்டினது அதைத்தான். ஒவ்வொண்ணையும் துணியில சுத்தி, பின்னால எண் எழுதி வச்சிருக்கோம். பத்தாம் நூற்றாண்டுல செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல்ல பழைய கோயிலைக் கற்றளியா எடுத்துக் கட்டினப்போ, பழைய சுவர்ல இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவர்ல திரும்ப வெட்ட வச்சாங்க. சுவர் மாறினாலும் கொடுத்தவங்க பெயர் அழியக்கூடாதுன்னு ஒரு அரசிக்குத் தோணியிருக்கு. நமக்கும் தோணணும் இல்லையா? பழைய செங்கல்ல எழும்புற தடுப்புச்சுவர்லயே அந்தக் கற்களைப் பழைய வரிசையில பதிக்கப் போறோம்.

இப்ப நிலவரம்: தேவை 2,160 செங்கல். போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் சுத்தம் பண்ணி அடுக்கினது 1,730. இன்னும் 430 பாக்கி. விண்ணப்பம் போட்டா ஆவணம், புகைப்படம், வரைபடம் எல்லாத்தையும் அவங்க சரிபார்ப்பாங்க. புள்ளி கொடுக்கிறதும் குறைக்கிறதும் அவங்க பொறுப்பு. 75.3-ங்கிறது எங்க கணக்கு மட்டும்தான்.

உங்ககிட்ட மூணு வேண்டுகோள். ஒன்று, ஞாயித்துக்கிழமை காலை 9 மணிக்கு மேல வர முடிஞ்சவங்க வாங்க. கனமான காலணி போட்டுக்கிட்டு வாங்க, கவசமும் கையுறையும் நாங்க தர்றோம். சின்னப் பிள்ளைங்களைத் தூசிப் பக்கம் விடாதீங்க, அவங்களுக்குப் பூக்கட்டுற இடத்துல வேலை இருக்கு. இரண்டு, கூடம் கட்டின காலத்துப் புகைப்படம் வீட்டு அலமாரியில இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க, எந்தப் பகுதி எப்பக் கட்டினதுன்னு காட்ட உதவும். மூணு, அந்தப் பெயர்க்கற்கள்ல உங்க குடும்பத்துப் பெயர் இருந்தா வந்து எழுத்துப்பிழை இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. பதிக்கிறதுக்கு முன்னாடி சரி பண்ணிடலாம்.

அளந்த தாளெல்லாம் அலுவலக அறையில ஒரு கோப்புல இருக்கு. யார் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கலாம். டேப்பும் அங்கேயேதான் இருக்கு. சந்தேகம் இருந்தா நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்க.

அம்மன் எல்லாரையும் காக்கட்டும்.

உங்கள் தொண்டில்,
சுவா சூ காங் தொண்டூழியர் குழு